நோயா, பேயா

மூன்று வாரத்தில் பதினெட்டு முறை
செத்துப் பிழைத்திருக்கிறது
கிளாக்ஸ்விக் மீன்கூடத்து எடைமேசைக் கணினி.
நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை.
விளக்கை ஊதி அணைத்தாற்போல் ஒரு கறுப்பு.
பிறகு தானே எழுந்து
ஒன்றும் நடக்காத முகத்தோடு
கடவுச்சொல் கேட்கிறது.

பெட்டியை விற்றவர் சொன்னார்:
பெட்டி சொக்கத்தங்கம்,
பேய் உங்கள் மென்பொருளில்.
மென்பொருள் எழுதிய ஹைனி சொன்னான்:
இதே நிரல் ஒன்பது துறைமுகத்தில் ஓடுகிறது,
நோய் உங்கள் பெட்டியில்.
இருவர் விரலும் சந்திக்கும் இடத்தில்
கருவிப்பையோடு நான்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார்.
வேறென்ன செய்ய?

பதிவேட்டைத் திறந்தேன்.
'முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது.'
பதினெட்டு இடத்திலும் அதே வரி.
செத்தவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால்
வேறென்ன சொல்வான்.

வட்டைக் கழற்றி வைத்தேன்.
பென்டிரைவில் கொண்டுபோன லினக்ஸில் எழுப்பினேன்.
எடை நிரல் இல்லை, டிரைவர் இல்லை,
பழைய பாவம் ஒன்றும் இல்லை.
காலை முழுக்கக் கல்லுப்போல் நின்றது.
மேலாளர் ட்ரோண்டுரிடம் சொன்னேன்: பேய்தான்.
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கடலடிச் சுரங்கம் வழியே ஹைனி வந்தான்.
இரவெல்லாம் துடைத்து, மறுபடி நிறுவி,
மீன்பெட்டி அட்டைகளின் மேல்
கோட்டோடு தூங்கிப்போனான்.
மறுநாள் இரண்டு பத்துக்குக் கணினி செத்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
அது திட்டுவதைவிட மோசம்.

சரி, நோய்.
அன்றிரவு நினைவகச் சோதனை:
எட்டு மணி நேரம், நான்கு சுற்று, பிழை பூஜ்யம்.
வெப்பமா? வெளியே நான்கு டிகிரி,
உள்ளே விசிறி சும்மாதான் சுற்றிக்கொண்டிருந்தது.
உடம்பில் நோயில்லை, மனசில் பேயில்லை.
ஆனால் சாகிறது.

அப்போதுதான் சுன்வா
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
கணினி போனபோதெல்லாம்
எடையைக் கையால் எழுதிய நோட்டு.
பென்சில், மீன்வாடை, உப்புக் கறை.
14.10, பெரிய படகு, 38 பெட்டி, ஐஸ்.
09.25, சின்னப் படகு, 12 பெட்டி, ஐஸ்.
15.40, ஐஸ்.
பதினெட்டு வரியிலும் ஐஸ்.

நான் சோதித்த காலையில் படகு வரவில்லை.
நான் சோதித்த இரவில் யாருக்கும் ஐஸ் தேவைப்படவில்லை.

சுவருக்குப் பின்னால் ஐஸ் நொறுக்கி.
"ஒருமுறை போடுங்களேன்" என்றேன்.
குழல்விளக்கு அரைக்கண் சிமிட்டியது.
வெறும் லினக்ஸில், ஒன்றும் செய்யாமல் இருந்த கணினி
என் கண் முன்னால் செத்தது.
வெட்கமில்லாமல் சிரித்தேன்.

திறக்காதே என்று ஒட்டியிருந்த மின்வழங்கியைத்
திறந்து பார்த்தேன்.
தலை உப்பிய இரண்டு மின்தேக்கிகள்.
நல்ல நெஞ்சு தாங்கும் அந்த அரை மூச்சு முட்டலை
இது தாங்கவில்லை.
புதியதை மாட்டி
பதினோரு முறை ஐஸ் நொறுக்கச் சொன்னேன்.
ட்ரோண்டுர் போதும் போதும் என்றார்.
இன்னொரு முறை என்றேன்.

ஹைனிக்கு மன்னிப்புக் கடிதம் நீளமாக எழுதி
அழித்து அழித்து
நான்கு வரியில் அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
"அன்றிரவு உன் பேயைத் தேடியபோது
வேறொன்று கிடைத்தது.
ஒவ்வொரு ஹாலிபட்டிலும்
நாற்பது கிராமை விழுங்கிக்கொண்டிருந்தது என் நிரல்.
இரண்டு வருஷமாக.
ஒன்பது துறைமுகத்திலும்.
அது யாரையும் சாகடிக்கவில்லை,
அதனால் யாரும் உன்னைக் கூப்பிடவில்லை."